பத்தே ஆண்டுகளில் விழுங்கப்பட்ட சமஷ்டி: எரித்திரியா சொல்லும் செய்தி

சமஷ்டி பற்றி எங்கள் மேடைகளில் பேசும்போது சுவிற்சர்லாந்து வரும், கனடா வரும், இந்தியா வரும். நின்று நிலைத்த சமஷ்டிகளை உதாரணம் காட்டுவது இயல்புதான். ஆனால் குலைந்துபோன ஒரு சமஷ்டியிலிருந்து அறியக்கூடியது அதைவிட அதிகம் என்று நான் நினைக்கிறேன். அதுவும் ஐக்கிய நாடுகள் சபையே தீர்மானம் போட்டு, ஆணையாளரை அனுப்பி, அரசியலமைப்பும் எழுத வைத்துக் கொடுத்த சமஷ்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

என் தலைமுறைக்கு எரித்திரியா என்ற பெயர் புதிதல்ல. எண்பதுகளில் கைமாறிக் கைமாறி வந்த சிறு வெளியீடுகளில் அந்தப் பெயர் அடிக்கடி வரும். அவற்றில் பெரும்பாலும் இருந்தது அவர்கள் எப்படிப் போரிட்டார்கள் என்ற கதை. போருக்கு முந்திய பத்து ஆண்டுகளின் கதையைத்தான் நான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

மூன்று கைகள் மாறிய நாடு

செங்கடலின் மேற்குக் கரையில் உள்ள எரித்திரியாவை 1890 இல் இத்தாலி தன் குடியேற்ற நாடாகப் பிரகடனம் செய்தது. அயலிலிருந்த எதியோப்பியாவையும் பிடிக்க முயன்ற இத்தாலி, 1896 இல் அத்வா போர்க்களத்தில் தோற்றுத் திரும்பியது. இதனால் எதியோப்பியா பேரரசாகவே தொடர்ந்தது. எரித்திரியாவில் தொடருந்துப் பாதை, துறைமுகம், தொழிற்சாலை, நகரம் என்று வேறொரு சமூகம் உருவானது. மேட்டுநிலக் கிறிஸ்தவர்களும் தாழ்நில முஸ்லிம்களும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஒன்பது இனக்குழுக்கள்.

1941 இல் இத்தாலியைத் தோற்கடித்து பிரித்தானியா அந்நாட்டைத் தன் இராணுவ நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. போர் முடிந்தபின் எரித்திரியாவை என்ன செய்வது என்பதில் வல்லரசுகளால் உடன்பாட்டுக்கு வர முடியவில்லை. விடயம் ஐ.நா.வுக்குப் போனது. 1950 இல் பர்மா, குவாத்தமாலா, நோர்வே, பாகிஸ்தான், தென்னாபிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் நேரில் சென்று பார்த்தார்கள். அவர்களுக்கிடையிலும் ஒருமித்த கருத்து இல்லை. குவாத்தமாலாவும் பாகிஸ்தானும் சுதந்திரம் என்றன. நோர்வே எதியோப்பியாவுடன் முழு இணைப்பு என்றது. மற்ற இரண்டும் சமஷ்டி என்றன.

எதியோப்பியாவுக்குக் கடல் இல்லை. எரித்திரியாவுக்கோ மசாவா, அசாப் என்ற இரண்டு துறைமுகங்கள் இருந்தன. பேரரசர் ஹைலி செலாசி அமெரிக்காவின் நெருங்கிய நண்பர். 1951 இல் கொரியப் போருக்குத் தன் படையையும் அனுப்பியவர். அஸ்மாராவில் இருந்த வானொலித் தொடர்பு நிலையம் அமெரிக்காவுக்கு மிக முக்கியமாக இருந்தது. 1953 இல் எதியோப்பியாவுடன் செய்த ஒப்பந்தத்தின் மூலம் அமெரிக்கா அந்தத் தளத்தைத் தனக்கு உறுதிப்படுத்திக்கொண்டது. எரித்திரியாவின் தலைவிதியை எழுதிய பேனா எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வளவும் போதும்.

காகிதத்தில் இருந்தவை

1950 டிசெம்பர் 2 ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை 390 ஆம் இலக்கத் தீர்மானத்தை 46 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிராக 10 வாக்குகள். எதியோப்பிய முடியின் இறைமைக்கு உட்பட்டு, எதியோப்பியாவுடன் சமஷ்டியாக இணைந்த ஒரு தன்னாட்சி அலகாக எரித்திரியா இருக்கும் என்பது அதன் சாரம். எங்கள் தீவில் தமிழரசுக் கட்சி சமஷ்டிக் கோரிக்கையோடு தொடங்கப்பட்டு அப்போது ஏறத்தாழ ஓராண்டு.

கிடைத்தவை சிறியவை அல்ல. எரித்திரியாவுக்கென்று 68 உறுப்பினர்கள் கொண்ட சட்டசபை. தனிக் கொடி. திக்ரிஞாவும் அரபும் அரசகரும மொழிகள். சொந்தப் பொலிஸ், சொந்த நீதிமன்றங்கள், சொந்த வரவு செலவுத் திட்டம். பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் அரசியலமைப்பில் இருந்தன. பாதுகாப்பு, வெளிவிவகாரம், நாணயம், வெளிநாட்டு வர்த்தகம், துறைமுகங்கள் ஆகியவை மத்திக்கு. பொலிவியாவைச் சேர்ந்த அன்சே மத்தியென்சோ ஐ.நா. ஆணையாளராக இருந்து அரசியலமைப்பை வரைவித்தார். 1952 செப்டெம்பரில் பிரித்தானியக் கொடி இறங்கி, சமஷ்டி நடைமுறைக்கு வந்தது.

எங்கள் 13 ஆவது திருத்தத்தின் அதிகாரப் பட்டியலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேலானது. காணி, பொலிஸ் அதிகாரங்களுக்காக முப்பது வருடங்களுக்கு மேலாக வாதாடுகிற எங்களுக்கு, தனிக் கொடியும் இரண்டு அரசகரும மொழிகளும் கனவு போலத் தெரியும். அப்படிப்பட்ட ஏற்பாடு ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில் குலைந்தது எப்படி?

ஒவ்வொன்றாக உருவிய விதம்

முதல் ஓட்டை அமைப்பிலேயே இருந்தது. சமஷ்டி என்றால் இரண்டு அலகுகளுக்கும் மேலே பொதுவான ஒரு சமஷ்டி அரசு இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்று உருவாக்கப்படவே இல்லை. எதியோப்பிய அரசே சமஷ்டி அரசாகவும் தொழிற்பட்டது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள் கொண்ட ஒரு சமஷ்டிச் சபை இருந்தது. ஆனால் அதற்கு ஆலோசனை சொல்வதைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. ஒரு பக்கம் தேர்தலும் உரிமைகளும் எழுதப்பட்ட அலகு. மறுபக்கம் பேரரசரின் சொல்லே சட்டமான முடியாட்சி. இரண்டும் ஒரே வண்டியில் பூட்டப்பட்டன.

அஸ்மாராவில் பேரரசரின் பிரதிநிதி ஒருவர் இருந்தார். அவர் பேரரசரின் மருமகன். சட்டப்படி அவருடைய பதவி பெரும்பாலும் சம்பிரதாயமானது. நடைமுறையில் அவர்தான் இரண்டாவது அரசாங்கம். ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் இடையிலான இழுபறியைப் பார்த்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

முதல் பிரதம நிர்வாகியான தெட்லா பைரு எதியோப்பியாவுடன் இணைய வேண்டும் என்று போராடிய கட்சியின் தலைவர். அவருக்கே அந்தப் பிரதிநிதியோடு ஒத்துப்போக முடியவில்லை. 1955 இல் பதவி விலகினார். அடுத்து வந்த அஸ்பஹா வொல்டெமிக்கேல் எரித்திரிய நிர்வாகத் தலைவராகவும் பேரரசரின் பிரதிநிதிக்கு உதவியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். எஜமானும் காவல்காரனும் ஒரே ஆள் என்றால் கேள்வி கேட்பது யார்?

அதற்குப் பிறகு எல்லாம் படிப்படியாக நடந்தது. துறைமுகங்கள் மத்தியின் கையில் இருந்ததால் சுங்க வருமானமும் அங்கேயே போனது. எரித்திரியாவின் பங்கு எவ்வளவு என்பது ஓயாத தகராறாக இருந்தது. சுதந்திரமான பத்திரிகைகள் மூடப்பட்டன. கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முடக்கப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் வொல்டெயப் வொல்டெமரியம் பல கொலை முயற்சிகளில் உயிர்தப்பி நாட்டை விட்டு வெளியேறினார். 1958 இல் எரித்திரியக் கொடி இறக்கப்பட்டது. அதே ஆண்டு நடந்த பொது வேலைநிறுத்தத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. 1959 இல் எதியோப்பியக் குற்றவியல் சட்டம் புகுத்தப்பட்டது. 1960 இல் 'எரித்திரிய அரசாங்கம்' என்ற பெயர் 'எரித்திரிய நிர்வாகம்' என்று மாற்றப்பட்டது. திக்ரிஞாவும் அரபும் ஒதுக்கப்பட்டு அம்ஹாரிக் மொழி அரச அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஏறியது.

1962 நவம்பர் 14 ஆம் திகதி, ஆயுதப் படைகள் சூழ்ந்திருந்த அஸ்மாராவில் சட்டசபை கூட்டப்பட்டது. சமஷ்டி முடிந்தது என்ற அறிக்கை வாசிக்கப்பட்டது. மறுநாள் எரித்திரியா பேரரசின் இன்னொரு மாகாணமாயிற்று.

ஐ.நா. எங்கே போனது?

ஆணையாளர் மத்தியென்சோ தன் இறுதி அறிக்கையில் ஒரு விடயத்தைத் தெளிவாகவே எழுதியிருந்தார். எரித்திரிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னரும் ஐ.நா. தீர்மானம் ஒரு சர்வதேச ஆவணமாகவே இருக்கும். அது மீறப்பட்டால் பொதுச்சபை மீண்டும் தலையிடலாம். ஆனால் மீறப்பட்டதா என்று யார் பார்ப்பது, யார் முறையிடுவது, முறையிட்டால் என்ன நடவடிக்கை என்பதற்கு எந்தப் பொறியும் அமைக்கப்படவில்லை. அரசியலமைப்பு முடிந்ததும் ஆணையாளர் போய்விட்டார். எரித்திரியர்கள் மனு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. இணைப்பு நடந்தபோதும் பொதுச்சபை அதை எடுத்துப் பேசவில்லை.

ஆபிரிக்காவும் உதவவில்லை. 1963 இல் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு எதியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில்தான் உருவானது. சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளை மதிப்பது என்று அடுத்த ஆண்டு அது தீர்மானித்தது. எரித்திரியர்களோ இத்தாலி வரைந்த எல்லைதான் எங்கள் எல்லை என்றார்கள். அவர்கள் கேட்டதும் அதே விதியைத்தான். கேட்க ஆளில்லை.

முப்பது ஆண்டு, அதற்குப் பிறகு

சட்டசபை கலைக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பே, 1961 செப்டெம்பரில், ஹமீது இத்ரிஸ் அவாத்தேயின் தலைமையில் ஆயுதப் போராட்டம் தொடங்கிவிட்டது. எரித்திரிய விடுதலை முன்னணிக்கும் பின்னர் அதிலிருந்து பிரிந்து வளர்ந்த எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணிக்கும் இடையே இரண்டு முறை உள்நாட்டுச் சண்டை நடந்தது. 1981 இல் முதல் இயக்கம் சூடானுக்குள் தள்ளப்பட்டது. எதிரிக்கு முதலில் அமெரிக்க ஆயுதம், 1974 புரட்சிக்குப் பின்னர் சோவியத் ஆயுதம். 1988 இல் அபபெத், 1990 இல் மசாவா, 1991 மே 24 இல் அஸ்மாரா. ஏறத்தாழ 65,000 போராளிகள் உயிரிழந்ததாக அந்த நாடு நினைவுகூர்கிறது.

இராணுவ வெற்றி கிடைத்தும் அவர்கள் உடனே தனிநாடு பிரகடனம் செய்யவில்லை. அடிஸ் அபாபாவிலும் அதே வாரத்தில் ஆட்சி மாறியிருந்தது. புதிய ஆட்சியாளர்கள் எரித்திரியாவின் முன்னாள் போர்க்களக் கூட்டாளிகள். அவர்கள் சம்மதிக்க, ஐ.நா. கண்காணிக்க, 1993 ஏப்ரலில் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. 99.8 வீதம் சுதந்திரத்துக்கு ஆதரவு. அயல்நாட்டின் ஒப்புதலும் மக்களின் வாக்கும் கைக்கு வந்த பிறகே உலகம் கதவைத் திறந்தது.

இந்த இடத்தோடு கதையை முடித்தால் எனக்கும் வசதி, வாசிப்பவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது நேர்மையாகாது. 1997 இல் அங்கீகரிக்கப்பட்ட எரித்திரிய அரசியலமைப்பு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. தேசியத் தேர்தல் ஒருமுறைகூட நடக்கவில்லை. 1998 இல் எதியோப்பியாவோடு எல்லைப் போர் மூண்டு இரு தரப்பிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 2001 செப்டெம்பரில் தனியார் பத்திரிகைகள் எல்லாம் மூடப்பட்டன. சீர்திருத்தம் கேட்ட மூத்த போராட்டத் தலைவர்கள் 11 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள்மீது வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. முடிவில்லாத கட்டாய சேவைக்கு அஞ்சி இளைஞர்கள் பாலைவனமும் கடலும் தாண்டி ஓடுகிறார்கள். 1950களில் பேரரசர் பறித்த பத்திரிகையையும் கட்சியையும் தேர்தலையும் சொந்த ஆட்சி திருப்பிக் கொடுக்கவில்லை.

எதைப் பார்க்க வேண்டும்?

எரித்திரியாவின் அளவுகோலை அப்படியே எங்கள்மீது வைக்க முடியாது. அது வேறு வரலாறு, வேறு எல்லை. ஆனால் தீர்வு ஒன்று பேசப்படும்போது என்ன கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை அது கற்றுத்தருகிறது. அதிகாரப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்ப்பது முதற்படி மட்டுமே. அந்தப் பட்டியலை ஒரு தரப்பு தனியாக மாற்ற முடியுமா? பிணக்கு வந்தால் இரு தரப்பும் ஏற்கும் நீதிமன்றம் எது? வருமானம் யார் கையில் சேர்கிறது, எந்தச் சூத்திரப்படி திரும்புகிறது? மத்தியின் பிரதிநிதியை யார் கட்டுப்படுத்துவது? உத்தரவாதம் கொடுத்தவர் கையெழுத்திட்ட மறுநாளும் அங்கே நிற்பாரா?

இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு. அதை மத்தியிடம் கேட்க முடியாது, எங்களிடமேதான் கேட்க வேண்டும். கிடைக்கும் அதிகாரத்தை எங்கள் தலைவர்களே எங்கள் மக்களுக்கு எதிராகப் பயன்படுத்தினால், அதைத் தட்டிக்கேட்கும் பத்திரிகையையும் சங்கத்தையும் தேர்தலையும் நாங்கள் இப்போதே பழகி வைத்திருக்கிறோமா? எரித்திரியர்கள் முப்பது ஆண்டுகள் போராடியும் அதற்கான விடையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.