சந்தன்நகர் ஸ்டிராண்ட்

கொல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளும் மரநிழல் நடைபாதை இது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே காலூன்றியது. 1731இல் ஊரின் பொறுப்பேற்ற பிரெஞ்சு நிர்வாகி டூப்ளே அதைச் செழிப்பான வணிகத் துறைமுகம் ஆக்கினார். புதுச்சேரி ஆளுநராக அவர் போனது அதன் பிறகே. 1757 மார்ச்சில் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படையும் கடற்படைத் தலைவர் வாட்சனின் கப்பல்களும் ஊரைப் பிடித்தன. அங்கிருந்த பிரெஞ்சுக்காரரின் ஓர்லெயான் கோட்டை இடித்துத் தள்ளப்பட்டது. ஆகவே கோட்டையைத் தேடிப் பயனில்லை.

நின்று பார்க்க வேண்டியது, தூண்கள் தாங்கிய மண்டபத்தோடு கூடிய படித்துறை. பிரெஞ்சு அரசின் லெஜியோன் தொனர் விருது பெற்ற வங்காள வணிகர் துர்காசரண் ரக்ஷித்தின் நினைவாக எழுந்தது. தூண்களில் ஐரோப்பியச் சாயல். ஆற்றில் இறங்கும் படிகளோ வங்கத்துக்கே உரியவை. பழைய ஆளுநர் மாளிகை இப்போது அருங்காட்சியகம். தென்கோடியில் உள்ள ‘பாதாள் பாரி’யின் அடித்தளம் ஆற்று மட்டத்துக்கும் கீழே இறங்குகிறது. இரவீந்திரநாத் தாகூர் இவ்வீட்டில் தங்கியதுண்டு.

பின்னர் மீண்டும் பிரெஞ்சு வசமாகியிருந்த இவ்வூரில், 1949 வாக்கெடுப்பில் மக்கள் இந்தியாவோடு சேரப் பெருவாரியாக வாக்களித்தனர். 1950 மே 2 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது. 1954 அக்டோபரில் ஊர் மேற்கு வங்கத்துடன் இணைந்தது.