லோரிக்கும் மூச்சுக்குழாய் உண்டு!

ஜாசின், அலோர் காஜா பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் பழைய டீசல் லோரி வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு சொல். பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கீழிறங்கும் புகை, எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மையம் 2012-இல் அறிவித்தது. அது ஓட்டுநர் அறைக்குள் ஏறக்கூடாது.

"நாறுதே" என்று துணியால் அடைச்சிடாதீங்க! உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் சீல் ஒழுகும். எஞ்சின் ஆறியபின், எண்ணெய் தாங்கும் அதே அளவு ஹோஸை மடிப்பில்லாமல், சரிவாக, புகைபோக்கிக்குத் தள்ளிக் கட்டி, நுனியை ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கீழே விடுங்கள். காற்றுக் குழாயோடு இணைந்த புது லோரிகளில் கை வைக்க வேண்டாம்.

குழாயை மாற்றியும் புகை குபுகுபுவென்று வந்தால் வளையம் தேய்ந்திருக்கலாம். வண்டியைப் பட்டறைக்கு விடுவதே நல்லது என்போம்.