வெந்ததை வேகவைக்காதீர்கள்

ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தில் யார் வீட்டுச் சமையலறை அலுமாரியைத் திறந்தாலும் இரண்டு மூன்று டின் சால்மன் இருக்கும். மலிவு விலைக்குப் போடும்போது வாங்கி அடுக்கியவை. சமைப்பது மட்டும் ஊர் டின் மீனைச் சமைக்கிற மாதிரியேதான். கறித்தூளும் பழப்புளியும் போட்டு, எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்க விடுவார்கள். ஊர் டின்னில் பெரும்பாலும் வருவது கானாங்கெளுத்தி வகை மீன். அது அந்தக் கொதியைத் தாங்கும். சால்மன் தாங்காது, உதிர்ந்து மரத்தூள் மாதிரி ஆகிவிடும். பிறகு "இந்த மீனில் ருசியே இல்லை" என்று பழி மீன்மேல் விழும்.

சால்மனைத் தலை, வால், குடல் நீக்கி, துண்டு போட்டு, அநேகமாகப் பச்சையாகவே டின்னில் அடைக்கிறார்கள். கொஞ்சம் உப்பு சேர்த்து மூடிய பிறகு, 120 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நீராவி அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். மீன் வேகுவது டின்னுக்குள்தான். நடுமுள்ளும் அங்கேயே வெந்து, விரலால் நசுக்கினால் மாவாகும். நாம் திறக்கும்போது மீனுக்கு வேண்டியது சூடு மட்டும்தான். வெங்காயத்தையும் மசாலாவையும் முழுசாகச் சமைத்துவிட்டு மீனைக் கடைசியில் போடுங்கள். டின் சால்மனுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் இது ஒன்றுதான்.

முள்ளைப் பொறுக்கி எறியாதீர்கள். கல்சியம் இருப்பது அதில்தான். டின்னில் நிற்கும் தண்ணீரும் மீனின் சொந்தச் சாறு. அதைத் தொட்டியில் ஊற்றுபவர்களைக் கண்டால் எனக்கு மனசு பொறுக்காது.

கடையில் இரண்டு வகை இருக்கும். சாக்கை சால்மன் நல்ல சிவப்பு, கொழுப்பும் விலையும் கூட. அதைச் சமைப்பது வீண். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூள், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்து பாணுக்குள் வைத்தால் போதும். பிங்க் சால்மன் வெளிறிய நிறம், மென்மையான சதை, விலை குறைவு. நம்முடைய சட்டிக்கு அதுதான் தோது.

பிங்க் சால்மனில் வறை செய்து பாருங்கள். ஊரில் சுறாவை அவித்து, உதிர்த்து, பிழிந்து படும் பாடு இதில் இல்லை. 213 கிராம் டின் ஒன்றுக்குப் பெரிய வெங்காயம் ஒன்று, பச்சைமிளகாய் நாலு, கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ மூன்று மேசைக்கரண்டி. எண்ணெயில் கடுகும் பெருஞ்சீரகமும் வெடித்ததும் வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலையைப் போட்டு வதக்குங்கள். வெங்காயத்தின் ஓரம் பொன்னிறமானதும் மஞ்சள்தூள் தூவி, டின் சாற்றை ஊற்றுங்கள். சீறிக்கொண்டு கொதித்து, சட்டியின் அடி தெரியும்வரை வற்றட்டும். மீன் ருசி முழுவதும் வெங்காயத்தில் ஏறுவது அப்போதுதான். தேங்காய்ப்பூவைப் போட்டு ஈரம் போகக் கிளறி, கடைசியில் மீன். முள்கரண்டியால் பெரிய இதழ்களாகப் பிரித்து, இரண்டு தரம் புரட்டினால் முடிந்தது. உப்பு பார்த்துப் போடுங்கள், டின்னிலேயே இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு தேசிக்காய் பிழியுங்கள். புட்டுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

கட்லட்டுக்கு மட்டும் சாறு ஆகாது. மீனை நன்றாக வடித்து, முள்ளோடு நசுக்கி, அவித்த உருளைக்கிழங்கோடு பிசையுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெயில் வெடித்துச் சிதறும். வடித்த சாற்றைச் சொதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில டின்களில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ பல்லில் கடிபடும். பயந்து கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன், ஒரு சில்லைச் சூடான தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ போட்டு வையுங்கள். மெல்ல மெல்லக் கரைந்தால் அது கண்ணாடியல்ல; மீனில் இயல்பாக உள்ள மக்னீசியமும் பொசுபேற்றும் சேர்ந்து உறைந்த உப்பு, கெடுதி இல்லை. கரையாவிட்டால் சண்டைக்குப் போகலாம். உப்பிய டின்னை மட்டும் திறந்தே பார்க்க வேண்டாம், நேராகக் குப்பைக்கு.