அவசரம் அறியாத காவலர்

ஹாக்கி என்றதும் நமக்குத் தியான் சந்தின் நினைவு வருவது இயல்பு. ஆனால் கானடா தேசத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அங்கே புல்தரை கிடையாது, பந்துகூடக் கிடையாது. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனிக்கட்டித் தளத்தின்மீது, இரும்பலகு பொருத்திய பாதரட்சை அணிந்து, கட்சிக்கு 6 பேராகச் சறுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. அதற்குப் 'பக்' என்று பெயர். அது முகத்தில் வந்து பட்டால் பல் இருந்த இடம் பள்ளமாகும். கோல் கீப்பருக்கு முன்னால் நின்று, பாய்ந்து வரும் எதிரிகளை மறிப்பதற்கென்றே கட்சிக்கு இருவர் உண்டு. அவர்களைத் தடுப்பாட்டக்காரர் என்போம். கோல் போடுகிறவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் உலகம் இந்த இருவரையும் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அப்படிப்பட்ட தடுப்பாட்டக்காரர் ஒருவரின் சரித்திரத்தையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் டக் ஹார்வி. 1924-ஆம் வருஷம் டிசம்பர் 19-ல் மான்ட்ரீல் நகரில் பிறந்தார். யுத்த காலத்தில் கானடாவின் கடற்படையில் சேவை செய்தார். பேஸ்பால், கால்பந்து, குத்துச்சண்டை எதைத் தொட்டாலும் அவருக்குக் கைவந்தது. 1947-ல் 'கனேடியன்ஸ்' என்ற மான்ட்ரீல் கட்சியில் சேர்ந்தார். பிரெஞ்சு பேசும் மக்கள் தங்கள் குலதெய்வம்போல் போற்றிய கட்சி அது. ஹார்வியோ இங்கிலீஷ் பேசும் குடும்பத்துப் பிள்ளை.

ஆரம்பத்தில் மான்ட்ரீல் ரஸிகர்களுக்கு அவரைப் பார்த்தால் நெஞ்சு படபடத்தது. அக்காலத்துத் தடுப்பாட்டக்காரர்கள் பக் தங்களிடம் வந்தால் நெருப்பைத் தொட்டவர்கள் போல் அதை எங்கேயாவது விரட்டிவிடுவார்கள். ஹார்வி விரட்டுவதில்லை. சொந்தக் கோலின் வாசலிலேயே பக்கைக் கழியில் வைத்துக்கொண்டு, சந்தைக்கு வந்தவர் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல், இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு நிற்பார். இது சோம்பேறித்தனம் என்று நினைத்தவர் பலர். எதிரிகளில் ஒருவன் பொறுமை இழந்து அவர்மேல் பாய்வான், மற்றொருவனும் வருவான். இருவரும் தம் இடத்தை விட்டு நகர்ந்த அந்தக் கணத்தில், காலியான வழியில் பக் ஓடிப்போய்த் தம் கட்சியின் முன்னணி ஆட்டக்காரரின் கழியில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் வேகமாக வேண்டுமா, மெதுவாக வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறவர் பின்வரிசையில் நிற்கிறார் என்பது பிறகுதான் ஜனங்களுக்கு விளங்கிற்று.

இந்தச் சாமர்த்தியம் சட்டத்தையே மாற்ற வைத்தது என்றால் மிகையன்று. ஆட்டத்தில் சிறு குற்றம் செய்தவன் 2 நிமிஷம் வெளியே உட்கார வேண்டும். அந்த 2 நிமிஷம் முடியும்வரை, எத்தனை கோல் விழுந்தாலும், அவன் உள்ளே வர முடியாது என்பது பழைய விதி. எதிர்க்கட்சியில் இப்படி ஆள் குறைந்தபோதெல்லாம் பின்புறத்திலிருந்து ஹார்வி பக்கை அனுப்ப, பெலிவோ, ரிஷார் முதலிய சூரர்கள் கோல்களைக் குவித்தார்கள். 1955 நவம்பர் 5-ந் தேதி பாஸ்டன் கட்சிக்கு எதிராகப் பெலிவோ 44 விநாடிகளில் 3 கோல் போட்டார். 1956-ல் விதி மாறிற்று: ஒரு கோல் விழுந்ததுமே சிறு குற்றவாளி உள்ளே வரலாம். விதி மாறியும் மான்ட்ரீல் கட்சி தளரவில்லை. 1956 முதல் 1960 வரை 5 வருஷமும் ஸ்டான்லி கோப்பை அவர்களுடையதே. அந்தத் தொடர் வெற்றிக்கு இணை இன்றுவரை இல்லை.

ஹார்விக்குச் சறுக்கலே நேர்ந்ததில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1954-ல் டெட்ராய்ட் நகரில் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம், கூடுதல் நேரம். எதிரி அனுப்பிய சாதாரணமான பக்கைத் தடுக்கக் கை நீட்டினார். அது கையுறையில் உராய்ந்து, திசை மாறி, கோல் கீப்பரைத் தாண்டி உள்ளே விழுந்தது. கோப்பை போயிற்று.

நிற்க. மைதானத்துக்கு வெளியே நடந்த விஷயத்துக்கு வருவோம். நம் நோக்கில் இதுவே முக்கியம். அன்று அந்த லீகில் இருந்தவை 6 கட்சிகள். ஓர் ஆட்டக்காரன் கையெழுத்திட்டுவிட்டால் அவன் முதலாளியின் சொத்து. விற்கலாம், மாற்றலாம், கீழ்க் கட்சிக்கு அனுப்பலாம். அவன் தானாக வேறிடம் போக முடியாது. 1947-ல் ஏற்பட்ட ஓய்வூதிய நிதிக்கு ஒவ்வொருவனும் வருஷத்துக்கு 900 டாலர் கட்டினான். கட்டிய பணம் என்ன ஆகிறது என்று கேட்டால் கணக்குக் காட்டுவார் இல்லை.

1957 பிப்ரவரி 11-ல் நியூயார்க் நகரில் ஆட்டக்காரர்கள் சங்கம் கண்டார்கள். டெட்ராய்ட் வீரர் டெட் லிண்ட்சே தலைவர், ஹார்வி உபதலைவர். முதலாளிகளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதே வருஷம் ஜூலையில் லிண்ட்சேயைச் சிகாகோவுக்குத் தள்ளினார்கள். டெட்ராய்ட் கட்சி புரூஸ் நாரிஸ் என்பவரின் உடைமை. சிகாகோவோ அவருடைய சகோதரர் ஜேம்ஸ் நாரிஸின் ஆதிக்கத்தில் இருந்தது. வீட்டுச் சாமானை அடுத்த அறைக்கு மாற்றுவதுபோல் மாற்றிவிட்டார்கள்! இங்கே ஒரு வேடிக்கை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு வருஷந்தோறும் அளிக்கும் பரிசு இச்சகோதரர்களின் தந்தை பெயரால் ஏற்பட்டது. அதை ஹார்வி 7 முறை பெற்றார்.

அச்சுறுத்தலுக்கு அஞ்சி ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு கட்சியாக விலகினர். 1958-ல் குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டாலர் என்பது போன்ற சில சலுகைகளோடு சங்கம் கலைந்தது. ஹார்வியை உடனே விற்க மான்ட்ரீல் முதலாளிகளுக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாமல் கோப்பை ஏது? 1960-ல் அவருக்குத் தலைமைப் பதவியும் கிடைத்தது. மறுவருஷம், சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற பரிசைப் பெற்ற சூட்டோடு, நியூயார்க்குக்கு மாற்றப்பட்டார். சங்கத்துக்காகத் தமக்குக் கிடைத்த தண்டனை இது என்றே ஹார்வி கருதினார்.

நியூயார்க்கில் அவர் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக ஒரே சமயத்தில் இருந்து, 7-வது பரிசையும் பெற்றார். ஆயினும் அதிகாரம் அவருக்கு ஒத்துவரவில்லை. சக ஆட்டக்காரர்களோடு சரிசமமாக உட்கார முடியாத பதவி எதற்கு என்று ஒரே வருஷத்தில் விட்டுவிட்டார். பிறகு சின்னக் கட்சிகள், சின்ன ஊர்கள். 1968-ல், 43-வது வயதில், செயின்ட் லூயிஸ் கட்சி அவரை அழைத்தது. அக்கட்சி இறுதிப் போட்டி வரை சென்று, யாரிடம் தோற்றது தெரியுமா? மான்ட்ரீலிடம்தான். மறுவருஷத்தோடு ஹார்வி ஓய்வு பெற்றார். பெரிய லீகில் மொத்தம் 1,113 ஆட்டங்கள். தாமே போட்ட கோல் 88. பிறர் போட உதவியவை 452. இந்த இரண்டு எண்களும் அவர் சுபாவத்தைச் சொல்கின்றன.

1972-ல் ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்திருக்க வேண்டும், சேரவில்லை. அவருடைய குடிப் பழக்கமே காரணம் என்று பேசப்பட்டது. மதுவுக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. அது அவர் உடலையும் குடும்பத்தையும் அரித்தது உண்மை. ஆனால் நடத்தையை இவ்வளவு கூர்ந்து பார்க்கிறவர்கள், 1957-ல் முதலாளிகள் நடந்துகொண்ட விதத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். மறுவருஷம் பெயரைச் சேர்த்தார்கள். விழாவுக்கு ஹார்வி போகவில்லை. மீன் பிடிக்கப் போய்விட்டார் என்பார்கள்.

பிற்காலத்தில் ஆட்டாவா நகருக்கு அருகே ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் நின்ற பழைய ரயில் பெட்டியில் வசித்தார். ஒரு காலத்தில் பிரதம மந்திரி டீஃபன்பேக்கர் பிரயாணம் செய்த பெட்டியாம் அது. 1985-ல் மான்ட்ரீல் கட்சிக்கு அவர் நினைவு வந்தது. அவர் அணிந்த 2-ஆம் எண்ணை இனி வேறெவரும் அணிவதில்லை என்று கௌரவித்து, இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உத்தியோகமும் கொடுத்தார்கள். 1989 டிசம்பர் 26-ல், கல்லீரல் நோயால், 65-வது வயதில் ஹார்வி காலமானார்.

ஓய்வூதிய நிதியின் கணக்கைப் பழைய ஆட்டக்காரர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நிதியில் சேர்ந்த உபரிப் பணம் ஆட்டக்காரர்களுக்கே உரியது என்று 1992-ல் ஒண்டாரியோ மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-ல் அது உறுதியாயிற்று. முதலாளிகள் 4 கோடி டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. ஹார்வியும் லிண்ட்சேயும் கணக்குக் கேட்டு அப்போது 37 வருஷம் ஆகியிருந்தது.