குமிழ் யார் கையில்?

காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடக்கும் பிள்ளைகளைப் பார்த்து, 'நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கறதில்லை' என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள் திருவனந்தபுரம் கரமனையில் நிறைய உண்டு. வீடே கூடி உட்கார்ந்து பாட்டுக் கேட்ட காலம் போயிற்றே என்பது அவர்கள் வருத்தம். கூடிக் கேட்டது மெய்தான். ஆனால் எந்தப் பாட்டு என்று முடிவு செய்தது வீடா? வானொலியின் குமிழைத் திருப்ப உரிமையுள்ள ஒரே ஒருவர்தானே?

திருவனந்தபுரத்துக்கு வானொலி நிலையம் 1943 மார்ச்சில் வந்தது. அப்போது அது திருவிதாங்கூர் அரசுடையது; 1950 ஏப்ரலில்தான் அகில இந்திய வானொலி அதை ஏற்றுக்கொண்டது. பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் எடுக்க வேண்டியிருந்த நாட்கள். எனவே வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஓர் அதிகாரி. கரமனை அக்ரஹாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. தாத்தா கச்சேரி வைத்தால் அண்டை வீட்டுக்கும் அதுவே கச்சேரி. சினிமாப் பாட்டுக்கு ஆசைப்பட்ட பெண்கள், அவர் வெளியே போகும் நேரம் பார்த்து, சத்தத்தைக் குறைத்து இலங்கை வானொலியைப் பிடித்தார்கள்.

பிறகு வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில் வானொலியும் காசெட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் வந்து இறங்கியது. 1980இல் பாடகர் யேசுதாஸ் இதே நகரத்தில் தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கி, மலையாளப் பாடல்களை காசெட்டில் கொண்டுவந்தார். பாட்டு இப்போது கையில் எடுத்துப் போகும் பொருளாகிவிட்டது. ஆனாலும் போட்டால் தெருவே கேட்கும்.

காதுக்குள் மட்டும் பாட்டு என்ற எண்ணம், அதைச் செய்தவர்களையே கூச வைத்தது. 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி வாக்மேன் வெளிவந்தபோது அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. பாட்டை நிறுத்தாமலே பக்கத்தில் இருப்பவரோடு பேச ஓர் ஆரஞ்சுப் பொத்தானும் இருந்தது. ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று நிறுவனத் தலைவர் அகியோ மொரிட்டா நினைத்தார். வாங்கியவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பின்வந்த வாக்மேன்களில் அந்தப் பொத்தான் காணாமல் போயிற்று.

மொரிட்டாவின் இரண்டாவது துளையைக் கரமனைப் பேருந்து நிறுத்தத்தில் வேறு உருவில் பார்க்கலாம்: ஒரு ஹெட்செட், இரண்டு கல்லூரிப் பெண்கள், ஆளுக்கு ஒரு காது. ஸ்டீரியோவில் பதிவான பாட்டில் ஒருத்திக்கு இடப்பக்கத்து வாத்தியங்கள், இன்னொருத்திக்கு வலப்பக்கத்தவை. இசையமைப்பாளர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். அவர்களுக்கு என்ன கவலை? பாட்டைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் இருவரும்தான்.

இது சின்ன விஷயமில்லை. கரமனையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லக்கூடிய கிழக்கேகோட்டை நவராத்திரி மண்டபத்தில், பாறசாலை பொன்னம்மாள் 2006இல் பாடும் வரை பெண் யாரும் பாடியதில்லை. யார் பாடலாம், யார் கேட்கலாம் என்று ஊர் தீர்மானித்த காலம் அவ்வளவு அண்மையில்தான் இருக்கிறது. காதுக்குள் ஒளிந்த பாட்டை என்னால் குறை சொல்ல முடியாதது இதனால்தான்.

காதைக் குறித்த குறை வேறு. நெடுஞ்சாலையை அகலமாக்கியபின் கரமனையில் இரைச்சலும் அகலமாகிவிட்டது. பேருந்தில் ஏறியதும் கை தானாக ஒலியைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90க்கு ஏற்றினால் 4 மணி நேரம்தான். நெய்யாற்றின்கரைக்கு வேலைக்குப் போய் வருபவர் அந்த நாலு மணி நேரத்தை வாரத்தின் பாதியிலேயே தீர்த்துவிடுவார். ஹெட்செட்டே இல்லாமல் போனை அலறவிடுபவர்கள் வேறு ரகம். 2022 ஜனவரியில், இரவு 10 மணிக்குமேல் ரயில் பெட்டியில் உரக்கப் பாட்டு வைக்கக் கூடாதென்று ரயில்வே சொல்ல வேண்டிவந்தது அவர்களால்தான்.

இன்னொன்று, குமிழ் இப்போதும் முழுக்க நம் கையில் இல்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைச் செயலியே போட்டுவிடுகிறது. பழைய தாத்தாவிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம். செயலியை விட்டு வானொலிக்குப் போகலாம் என்றால், போனில் அதைக் கேட்க ஹெட்செட் ஒயர் வேண்டும், அதுதான் ஏரியல். வெள்ளம், புயலில் இணையம் போனாலும் வானொலி எடுக்கும் என்பதால், போன்களில் எஃப்.எம்.மை முடக்க வேண்டாமென்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. 2018 வெள்ளத்தைக் கண்ட கேரளத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ப்ளூடூத் பட்ஸில் ஒயர் ஏது? சாலைக் கடைத்தெருவில் இன்னும் ஒயர் ஹெட்செட் தேடி வாங்குபவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எஃப்.எம். வானொலி, டேட்டா செலவில்லாமல், அவருக்குத்தான் கிடைக்கிறது.