தமிழறியாத தமிழ்ப்பட இயக்குநர்

தமிழ்ப் படவுலகின் தொடக்க காலத்தில் அதற்கு அருந்தொண்டாற்றியவருள் ஒருவர் தமிழறியாத அமெரிக்கர் என்பது நம் இளைஞருக்கு வியப்பளிக்கலாம். அவரே எல்லிஸ் ஆர். டங்கன்.

1909-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த டங்கன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று 1935-இல் இந்தியா வந்தார். மறு ஆண்டே வெளிவந்த ‘சதி லீலாவதி’, எம்.ஜி.ஆரைத் திரைக்கு அறிமுகம் செய்தது. ‘அம்பிகாபதி’யும் (1937) ‘சகுந்தலை’யும் (1940) தொடர்ந்தன.

உதவியாளர் ஆங்கிலத்தில் பொருள் கூற, அதனைக் கேட்டே காட்சிகளை அமைத்தார் அவர். மேடை நாடகத்தின் சாயல் நீங்காதிருந்த படங்களில் காமிராவையே கதை சொல்ல வைத்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’ 1945-இல் தமிழில் வெளிவந்தது. 1947-இல் வெளியான அதன் இந்திப் பதிப்பில் சரோஜினி நாயுடு தோன்றி அறிமுக உரை நிகழ்த்தினார். ‘மந்திரி குமாரி’ வெளியான 1950-இலேயே டங்கன் தாயகம் திரும்பினார், 2001-இல் மறைந்தார்.

டங்கனுக்குப் பொருள் சொல்ல உதவியாளர் இருந்தனர். புசா ரோட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இந்தி பேசி வளரும் நம் பிள்ளைகள் ‘மீரா’வைக் காணும்போது, அருகிலிருந்து பொருள் சொல்ல வேண்டியவர் நாமல்லவா?