எலைன்மென்ட் செய்தும் ரயர் ஒரு பக்கம் தேய்கிறதா? முதலில் சில்லை அசைத்துப் பாருங்கள்

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு அல்டோ காரின் முன் இடது ரயர் எட்டு மாதத்துக்குள் இரண்டாவது தடவையாகத் தேய்ந்து போனது. வெளியில் நின்று பார்த்தால் ரயர் நன்றாகத்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான், உள்பக்க விளிம்பில் இறப்பர் முழுவதும் போய் உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. இந்த எட்டு மாதத்தில் இரண்டு தடவை வீல் எலைன்மென்ட் செய்திருந்தோம். இரண்டு தடவையும் கணினித் திரையில் எல்லாம் பச்சை நிறம். "ஓகே" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் இயந்திரம் எதையும் தேடவில்லை. முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லின் மேலும் கீழும் கையை வைத்து ஒரு தடவை ஆட்டினார். "டொக்" என்று ஒரு சத்தம். இடது லோவர் ஆமின் போல் ஜொயின்ட் தளர்ந்து போயிருந்தது. "பிணைச்சல் கழண்ட கதவுக்கு எத்தனை தரம் பூட்டு மாத்தினாலும் சரிவருமா தம்பி?" என்று கேட்டார்.

இந்தப் பிரச்சினை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அதற்குப் பிறகும் விலையைக் கேட்டால் நம்மில் பலருக்குத் தலை சுற்றும். ஆகவே பத்து, இருபது, முப்பது வருடம் ஓடிய அல்டோக்களும் மாருதிகளும் டொல்பின் வான்களும்தான் இன்னும் நம்மைச் சுமக்கின்றன. மகரகம வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுபோவதும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கூட்டமாக வான் பிடித்து இன்னொரு மாவட்டத்துக்குப் போவதும் இவற்றில்தான். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தனியார் காருக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் போதும். சில்லு ஆடுகிறதா என்று அங்கே எவரும் பார்ப்பதில்லை. நாம் பார்த்தால்தான் உண்டு.

எலைன்மென்ட் என்றால் என்ன? சில்லுகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதை அளந்து திருத்துவது. முன் சில்லுகளை மேலிருந்து பார்க்கும்போது, நாம் நடக்கையில் பாதங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது போல அவையும் திரும்பியிருக்கலாம். இதை 'டோ' என்பார்கள். முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருந்தால் அது 'கேம்பர்'. மூன்றாவது 'காஸ்டர்', ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதோடு தொடர்புடையது. ரயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான்.

எவ்வளவு தின்னும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரண்டு முன் ரயர்களுக்கும் இடையிலான தூரம், முன்பக்கத்தில் ஒரு அளவும் பின்பக்கத்தில் 6 மில்லிமீற்றர் வித்தியாசமாகவும் இருக்கிறது என வைப்போம். ஒரு சில்லுக்கு 3 மில்லிமீற்றர். அந்தச் சில்லு ஒரு கிலோமீற்றர் உருளும்போது ஏறத்தாழ 5 மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர். போய்ச் சேரும்போது அந்த ரயர் 1,300 மீற்றர் தூரம் தார் வீதியில் குறுக்காக அரைபட்டிருக்கும்.

அளவு இப்படிப் பிழைத்திருந்தால் எலைன்மென்ட் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த இயந்திரம் கார் அசையாமல் நிற்கும்போதுதான் அளக்கிறது. தளர்ந்த போல் ஜொயின்டோ, கிழிந்த புஷ்ஷோ அந்த நேரம் ஒரு இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், திரை பச்சை காட்டும். வெளியே வந்து முதல் குழியில் விழும்போது, பிரேக் அடிக்கும்போது, சில்லு வேறு கோணத்துக்குப் போய்விடும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே கராஜுக்குப் போகுமுன் ரயரைப் படியுங்கள். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மிச்சமிருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு விளிம்பு மட்டும் போயிருந்தால் டோ அல்லது கேம்பர் பிழை. உள்ளங்கையை ரயரின் குறுக்கே, முதலில் உள்ளிருந்து வெளியாகவும் பிறகு வெளியிலிருந்து உள்ளாகவும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டும் மறு திசையில் வாள்பல் போலக் கீறிக்கொண்டும் இருந்தால் டோவைச் சந்தேகிக்கலாம். கம்பி வெளியே வந்திருக்கக்கூடும், கை கவனம். சுற்றிவர அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபர் செத்துவிட்டது, அல்லது வீல் பலன்ஸ் இல்லை. 80, 90 கிலோமீற்றர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவதும் பெரும்பாலும் பலன்ஸ் பிழையே. அதற்கு எலைன்மென்ட் செய்வது வீண்செலவு.

கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் ரயர் சூடாகுமுன் நான்கிலும் காற்றை அளந்து, சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். பிறகு சமதரை வீதியில் ஓட்டிப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக வீதியின் ஓரம் சரித்துப் போடப்பட்டிருப்பதால், இடப்பக்கம் ஓடும் நம் வாகனங்கள் கொஞ்சம் இடப்பக்கம் போவது இயல்பு. அதற்கு மேலும் இழுத்தால் முன் ரயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள் (ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டிய அம்புக்குறி ரயர் என்றால் வேண்டாம்). இழுவையும் பக்கம் மாறினால் குற்றவாளி ரயர்தான். கந்தளாய், ஹபரணை என்று தூர ஓட்டம் போய்வந்த பிறகு இழுவை கூடி, ஒரு சில்லு மட்டும் தொடமுடியாத சூடாக இருந்தால் அது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது சஸ்பென்ஷன். ஒவ்வொரு மூலையாக வாகனத்தை அமுக்கி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட்டால் நல்லது. ஊஞ்சல் போல இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷொக் அப்சோபரின் வேலை முடிந்தது. அதன் உடம்பில் எண்ணெய் வழிந்த அடையாளமும் இருக்கும். சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை இரண்டு பக்கமும் அளவு நாடாவால் அளங்கள். தெளிவான வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் அமர்ந்துவிட்டது அல்லது முறிந்துவிட்டது. கடற்காற்றுள்ள ஊர்களில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துரும்பிடித்து முறிவதைக் கவனிக்க வேண்டும். ரை ரொட் நட்டுகளும் இதே துருவில் இறுகிவிடுவதால், திருப்ப முடியாமல் "செய்தாயிற்று" என்று அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு.

பிறகு அந்த மெக்கானிக் செய்த சோதனை. பின்சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹான்ட் பிரேக் போட்டு, முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, ஸ்டான்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே தலையையோ கையையோ வைக்காதீர்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வு இருந்தால் பெயரிங் அல்லது போல் ஜொயின்ட். எது என்று அறிய இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். தளர்வு மறைந்தால் பெயரிங், மறையாவிட்டால் போல் ஜொயின்ட்டைப் பாருங்கள். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தளர்வு வந்தால் ரை ரொட் என்ட் அல்லது ஸ்டியரிங் ரக்.

இவற்றில் போல் ஜொயின்ட்டைத்தான் நான் மிகவும் பயப்படுவேன். அது முற்றாகக் கழன்றால் சில்லு ஒரு பக்கம் மடிந்து விழும், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை. ஹபரணைக் காட்டுப் பாதையில் இரவில் யானைக்காகத் திடீரென வெட்டித் திருப்ப வேண்டிவந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர்களும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை இன்றும் கதையாகச் சொல்கிறோம். மண்ணெண்ணெய் மட்டும் அந்த மொறிஸ் மைனரை ஓட வைக்கவில்லை. அதன் முன்சில்லைத் தாங்கும் திருகுமூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால், மரை தேய்ந்து கழன்று சில்லு மடிந்துவிடும். உதிரிப்பாகம் வராது என்று தெரிந்ததால் எல்லோரும் கிறீஸ் கன்னோடு குனிந்தார்கள். டோவையும் நூல் கட்டித்தான் பார்த்தார்கள். இன்றும் அதே வழியில், ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்ரயர்களுக்கு இடையிலான தூரத்தை ஒரே உயரத்தில் முன்னும் பின்னும் அளந்தால், பெரிய பிழை இருக்கிறதா என்றாவது தெரிந்துவிடும்.

தளர்ந்ததை மாற்றிய பிறகுதான் எலைன்மென்ட். அதை வரிசை மாற்றிச் செய்தால் இரண்டு தடவை காசு போகும், ஏனென்றால் லோவர் ஆமையோ ரை ரொட்டையோ கழற்றினால் கோணம் எப்படியும் மாறிவிடும். போகும்போது திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாள்கள் இரண்டையும் கேளுங்கள். சிறிய கார்கள் பலவற்றில் டோவை மட்டுமே திருத்தலாம், கேம்பரைத் திருத்த இடமில்லை. தாளில் கேம்பர் சிவப்பாக இருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிவிட்டோம்" என்றால், எதை என்று கேளுங்கள்.

எங்கள் காருக்குப் போல் ஜொயின்ட் போட்டு, அதன் பிறகு மூன்றாவது தடவையாக எலைன்மென்ட் செய்தோம். தேய்ந்த ரயரை மெக்கானிக் கராஜ் வாசலிலேயே வைத்துக்கொண்டார், வருகிறவர்களுக்குக் காட்ட.